வாய் தவறிய சொற்கள்: எது எந்த வகை?

கேள்வி இதுதான்: "ஸ்பூனரிசம், மாலப்ராபிசம், ஃப்ராய்டியன் ஸ்லிப் என்று மூன்று பெயர் அடிபடுகிறது. மூன்றுமே வாய் தவறிச் சொல்லி மற்றவர்கள் சிரிப்பதுதானே? என்ன வித்தியாசம்? தமிழிலும் இவையெல்லாம் உண்டா?"

மூன்றும் வேறு வேறு. கேட்கிறவருக்கு ஒரே மாதிரி சிரிப்பு வரலாம், ஆனால் தவறு நடந்த இடம் ஒன்றல்ல. நாம் ஒரு வாக்கியம் பேசும் முன் மனதுக்குள் வரிசையாகச் சில வேலைகள் நடக்கின்றன. என்ன சொல்ல வேண்டும் என்று முடிவாகிறது. அதற்கான சொற்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு உருபும் விகுதியும் சேர்ந்து வரிசை அமைகிறது. கடைசியில் ஒவ்வொரு சொல்லின் ஒலிகளும் அடுக்கப்பட்டு நாக்குக்கும் உதட்டுக்கும் போகின்றன. எந்தக் கட்டத்தில் சறுக்கியது என்பதை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள்.

அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சொன்னவரிடம் "என்ன சொன்னீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு சரியாகச் சொன்னால் அது நா பிறழ்ந்தது. அதே சொல்லை அதே உறுதியோடு மறுபடி சொன்னால், அவர் அந்தச் சொல்லையே அப்படித்தான் தெரிந்து வைத்திருக்கிறார். பாதிக் குழப்பம் இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் ஸ்பூனரிசம். பக்கத்துப் பக்கத்தில் வரும் இரண்டு சொற்களின் ஒலிகள் இடம் மாறிக்கொள்வது. சாப்பாட்டுப் பந்தியில் "தட்டில் போடு" என்று சொல்ல வந்தவர் "பட்டில் தோடு" என்கிறார். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'த' போய் 'ப' வந்திருக்கிறது, 'போ' போய் 'தோ' வந்திருக்கிறது. அதாவது எழுத்து முழுசாக மாறவில்லை. மெய் மட்டும் மாறியிருக்கிறது, அகரமும் ஓகாரமும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நாம் உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எழுதிப் பழகியவர்கள். பிள்ளைகள் வேண்டுமென்றே மாற்றி விளையாடும்போது முழு எழுத்தையும் மாற்றி 'போட்டில் தடு' என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் தன்னையறியாமல் குழறும்போது நாக்கு உயிரையும் மெய்யையும் பிரித்து எடுத்துவிடுகிறது. கடை வாசலில் நிற்கச் சொன்னவர் "வடை காசல்ல நில்லு" என்று சொன்னால் அங்கும் இதே கதைதான். எழுத்துக்கூட்டத் தெரியாத பாட்டியும் இப்படித்தான் குழறுவார். உயிரும் மெய்யும் சேர்ந்தே உயிர்மெய் என்று நம் இலக்கணம் சொல்வதை அவர் நாக்கு தானாகவே காட்டிவிடுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது.

இடமாற்றம் எப்போதும் முழுசாக நடப்பதில்லை. "பச்ச மொளகா" என்று சொல்ல நினைத்து "மச்ச மொளகா" என்றால், பின்னால் வரவேண்டிய 'ம' அவசரப்பட்டு முன்னால் வந்துவிட்டது. "பச்ச பொளகா" என்றால் முன்னால் வந்த 'ப' போக மனமில்லாமல் அடுத்த சொல்லிலும் ஒட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து "மச்ச பொளகா" என்று வந்தால்தான் அது முழு ஸ்பூனரிசம். அன்றாடப் பேச்சில் முதல் வகைதான் அதிகம். பாதியிலேயே நாம் சுதாரித்து "மச்ச... பச்ச மொளகா" என்று திருத்திவிடுவதால் பலரும் அதைக் கவனிப்பதே இல்லை.

பெயருக்குக் காரணமானவர் வில்லியம் ஆர்ச்சிபால்டு ஸ்பூனர். 1844இல் பிறந்து 1930இல் மறைந்தார். ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜில் 1903 முதல் 1924 வரை வார்டன் என்ற தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அன்பான மேய்ப்பர் என்ற பொருளில் 'லவ்விங் ஷெப்பர்டு' என்று ஆண்டவரைச் சொல்ல வந்து, இடித்துத் தள்ளும் சிறுத்தை என்று பொருள்படும்படி 'ஷவ்விங் லெப்பர்டு' என்றாராம். இப்படி அவர் பெயரில் உலவுபவை ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை அவர் சொன்னவை அல்ல, மாணவர்கள் உட்கார்ந்து யோசித்துக் கட்டியவை. அவர் வாயிலிருந்து வந்ததாக ஓரளவு நம்பத்தக்கவை ஒன்றிரண்டுதான். கூலி விகிதம் என்பதற்கு 'ரேட் ஆஃப் வேஜஸ்' என்று சொல்ல வந்தவர் 'வெயிட் ஆஃப் ரேஜஸ்' என்று சொல்லிவிட்டார், ஆத்திரங்களின் எடை என்று அர்த்தம் வந்துவிட்டது. இன்னொன்று, ஒரு தேவாலயப் பாடலை அறிவிக்கும்போது 'காங்கரிங் கிங்ஸ்' என்பதை 'கிங்கரிங் காங்ஸ்' என்றது. இந்த இரண்டாவதைப் பாருங்கள், இதில் வேடிக்கையான அர்த்தம் எதுவும் கிடையாது. உண்மையான குழறல் பெரும்பாலும் இப்படித்தான் அரைகுறையாக இருக்கும். இரண்டு பக்கமும் கச்சிதமாக அர்த்தம் பொருந்தி, அதுவும் நீளமான வாக்கியமாக ஒன்று உங்களுக்கு வந்தால், யாரோ உட்கார்ந்து செய்தது என்று சந்தேகப்படுங்கள்.

அப்படியென்றால் 'பட்டில் தோடு' மட்டும் எப்படி அர்த்தத்தோடு வந்தது? அதற்கும் காரணம் உண்டு. 1975இல் பார்ஸ், மோட்லி, மெக்கே என்ற மூன்று ஆய்வாளர்கள், குழறலை ஆய்வுக்கூடத்திலேயே வரவழைத்தார்கள். சொல் ஜோடிகளை வேகமாகக் காட்டி, ஒரே ஒலி வரிசைக்கு மனதைப் பழக்கிவிட்டு, திடீரென்று வரிசை மாறிய ஒரு ஜோடியைச் சத்தமாகச் சொல்லச் சொல்வார்கள். 'டார்ன் போர்' என்பது தவறினால் 'பார்ன் டோர்' ஆகும், களஞ்சியக் கதவு என்று அதற்கு அர்த்தம் இருக்கிறது. 'டார்ட் போர்டு' தவறினால் 'பார்ட் டோர்டு' ஆகும், அதற்கு அர்த்தமே இல்லை. முதல் வகைதான் அதிகமாகத் தவறியது. அதாவது, தவறிய பிறகு கிடைப்பது உண்மையான சொல்லாக இருந்தால் மனம் அதைத் தடுக்காமல் வெளியே விட்டுவிடுகிறது, வெற்று ஒலியாக இருந்தால் பெரும்பாலும் உள்ளேயே பிடித்துவிடுகிறது. பட்டும் தோடும் நமக்குத் தெரிந்த சொற்கள், ஆகவே தப்பித்து வந்துவிட்டன.

கும்பகர்ணன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரம்மாவிடம் இந்திராசனம் கேட்க நினைத்தவனின் நாவில் சரஸ்வதி புகுந்துகொள்ள, அவன் நித்திராசனம் என்று கேட்டுவிட்டான் என்று கதாகாலட்சேபங்களில் சொல்வார்கள். நாக்கு புரண்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த மொழியிலும் கிடைப்பது கடினம். ஒலி மாற்றம் மிகச் சின்னது, விளைந்த சொல் நல்ல அர்த்தமுள்ளது, வந்த பலனோ ஆயுசுக்கும் தூக்கம்.

ஒலி இடம் மாறுவது மொழியின் வரலாற்றிலும் நடந்திருக்கிறது. தசை சதையானதும் விசிறி சிவிறியானதும் இலக்கணத்தில் எழுத்து நிலை மாறுதல் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டவை. ஒருவர் சொன்னால் குழறல், ஊரே சொன்னால் வழக்கு. "யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை" போன்றவை த, ச, ட மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு நாக்கை வேண்டுமென்றே மடக்கும் விளையாட்டு. அவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த படி, ஒலிக்குப் பதில் சொற்களே இடம் மாறுவது. இதற்குத் தனிப் புகழ்பெற்ற பெயர் எதுவும் இல்லாததால் பலர் இதையும் ஸ்பூனரிசத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் இது வேறு. "பாட்டிக்கு மருந்து கொடு" என்பது "மருந்துக்குப் பாட்டி கொடு" என்று வருகிறது. மருந்தும் பாட்டியும் இடம் மாறிவிட்டன, ஆனால் 'கு' உருபு நகரவே இல்லை. முதலில் யார் வந்தாலும் அவர்மேல் ஏறிக்கொள்ளக் காத்திருந்ததுபோல அங்கேயே நிற்கிறது. 'க்குப்' என்று வல்லினம் மிகுவதுகூடப் புதிதாக வந்த பாட்டிக்கு ஏற்ப வந்திருக்கிறது.

இன்னும் அழகான ஒன்று: "நாய்க்குச் சோறு வை" என்பது தவறினால் "சோத்துக்கு நாய வை" என்று வரும். "சோறுக்கு" என்று யாரும் குழறுவதில்லை. சோறு என்பது உருபு ஏற்கும்போது சோற்று என்றாக வேண்டும், பேச்சில் சோத்து. அந்த விதி, தவறு நடந்த பிறகும் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. இதிலிருந்து தெரிவது, சொல் தவறான இடத்தில் போய் உட்கார்ந்தது முதலில், அதற்கு உருபு சேர்த்து உருவம் சரிசெய்தது அதன் பிறகு. பேச்சு எப்படித் தயாராகிறது என்பதைத் திறந்து பார்க்க வழியில்லாத நமக்கு, இந்த மாதிரித் தவறுகள்தான் உள்ளே பார்க்கக் கிடைத்த ஜன்னல். ஆங்கிலத்திலும் இதே ஒழுங்கு இருப்பதை விக்டோரியா ஃப்ராம்கின் 1971இல் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. அவர் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர். தவறுகள் கண்டபடி வருவதில்லை, மொழியின் விதிகளுக்கு உட்பட்டே வருகின்றன என்பதுதான் அவர் நிறுவியது. நான் கவனித்தவரை தமிழுக்கும் அது பொருந்துகிறது. ழ, ள, ண போன்றவற்றில் தமிழ்ச்சொல் தொடங்குவதில்லை. எவ்வளவு வாய் குழறினாலும் ழகரத்தில் தொடங்கும் ஒரு சொல்லை நான் கேட்டதில்லை.

சரி, மாலப்ராபிசத்துக்கு வருவோம். இங்கே ஒலிகள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, வாக்கியமும் ஒழுங்கு. எடுத்த சொல்தான் வேறு. சொல்ல வேண்டியதைப் போலவே ஒலிக்கும் இன்னொரு சொல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. "கல்யாணம் வெகு விமர்சனமா நடந்தது" என்கிறார் ஒருவர், அவர் நினைத்தது விமரிசை. "ஜோசியர் பரிகாசம் பண்ணச் சொன்னார்" என்கிறார் இன்னொருவர், வேண்டியது பரிகாரம். "உங்க பேச்சு அபாயமா இருந்தது சார்" என்று மேடையிலிருந்து இறங்கியவரிடம் கைகுலுக்குகிறார் மூன்றாமவர், அவர் மனதில் இருந்தது அபாரம். "பொண்ணு வீட்டுல எங்களுக்கு ஏக உபத்திரவம்" என்று உபசாரத்தைப் புகழ்ந்து சம்பந்தி வீட்டாரைத் திகைக்க வைத்தவர்களும் உண்டு.

இந்த எடுத்துக்காட்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். சோறு, தண்ணீர், மழை, மாடு போன்ற சொற்களில் யாரும் இப்படித் தடுக்கி விழுவதில்லை. வடமொழியிலிருந்து வந்த சொற்களிலும் ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களிலும்தான் பெரும்பாலும் விழுகிறோம். காரணம், அந்தச் சொற்களின் உள்ளமைப்பு பேசுகிறவருக்குத் தெரிவதில்லை. பரிகாரத்தில் எது வேர், எது முன்னொட்டு என்று தெரியாதபோது அது முழுசாக ஓர் ஒலிக்கட்டாகத்தான் நினைவில் இருக்கும். பரிகாசமும் அப்படியே, பக்கத்திலேயே. ஆங்கிலத்திலும் நிலைமை இதேதான். அங்கே வீட்டுச் சொற்களை விட்டுவிட்டு லத்தீன், கிரேக்க வழி வந்த பெரிய சொற்களில் தடுமாறுகிறார்கள்.

பெயர் வந்த கதை சுருக்கமானது. ரிச்சர்டு ஷெரிடன் எழுதி 1775இல் லண்டனில் மேடையேறிய நாடகம் ஒன்றில் மிஸஸ் மாலப்ராப் என்ற அம்மையார் வருகிறார். பெரிய பெரிய சொற்களைப் போட்டுப் பேசும் ஆசை அவருக்கு. நைல் நதிக்கரை முதலையைச் சொல்லும்போது 'அலிகேட்டர்' என்பதற்குப் பதில், உருவகக் கதை என்று பொருள்படும் 'அலெகரி' என்பார். அவருக்கு ஏறக்குறைய 175 ஆண்டுகளுக்கு முன்பே ஷேக்ஸ்பியர், டாக்பெரி என்ற காவல்காரரை இதே குணத்தோடு படைத்துவிட்டார். ஆனாலும் பெயர் என்னவோ மாலப்ராபுக்கே போய்ச் சேர்ந்தது.

இங்கே நுணுக்கம் ஒன்று இருக்கிறது, பாடப்புத்தக விளக்கங்கள் பலவும் இதை விட்டுவிடுகின்றன. மாலப்ராபிசம் இரண்டு விதமாக வரும். ஒன்று, சொல்லையே தவறாகத் தெரிந்து வைத்திருப்பது. திருப்பிக் கேட்டால் "ஆமா, பரிகாசம்தான், வெள்ளிக்கிழமை பண்ணணும்" என்பார். மற்றது, நன்றாகத் தெரிந்தும் அந்த நொடியில் பக்கத்துச் சொல் கைக்கு வந்துவிடுவது. பரிகாரத்தைப் பற்றிப் பத்துப் பேருக்குப் பாடம் நடத்தக்கூடிய ஜோசியரே அவசரத்தில் பரிகாசம் என்று சொல்லிவிடலாம். கேட்டால் உடனே திருத்துவார். டேவிட் ஃபே, ஆன் கட்லர் இருவரும் 1977இல் ஆராய்ந்தது இந்த இரண்டாவது வகையைத்தான். அவர்கள் கண்டது: தவறி வரும் சொல் பெரும்பாலும் வேண்டிய சொல்லின் இலக்கண வகையையே சேர்ந்தது, அசை (ஆங்கிலத்தில் சிலபிள்) எண்ணிக்கையும் பெரும்பாலும் அதேதான். பரிகாரம், பரிகாசம் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் பெயர்ச்சொல், இரண்டிலும் நான்கு அசை, ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. மனதுக்குள் இருக்கும் அகராதி பொருள் வாரியாக மட்டும் அடுக்கப்படவில்லை, ஒலி வாரியாகவும் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். முதல் வகையில், சொன்னவருக்குப் படிக்க வாய்ப்புக் கிடைக்காமல் போயிருக்கலாம், அந்தச் சொல்லைக் காதால் மட்டுமே கேட்டிருக்கலாம். அங்கே கூடி நின்று சிரிப்பது அவரை நோகடிக்கும். இரண்டாவது வகையில் சொன்னவரே நம்மோடு சேர்ந்து சிரிப்பார்.

ஃப்ராய்டியன் ஸ்லிப் என்பதைத் தனி வகை என்று சொல்வதே கொஞ்சம் தகராறு. மற்றவை எப்படித் தவறியது என்பதைச் சொல்கின்றன. இது ஏன் தவறியது என்பதற்கு ஒரு காரணம் கற்பிக்கிறது. உள்ளே அமுக்கி வைத்த ஆசையோ வெறுப்போ நாக்கு வழியே வெளியே வந்துவிட்டது என்பது, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் ஃப்ராய்டு 1901இல் முன்வைத்த கருத்து. ஆகவே ஒரே தவறு ஸ்பூனரிசமாகவும் இருக்கலாம், ஃப்ராய்டு சொல்லும் விதமாகவும் இருக்கலாம். ஒன்று உருவத்தைப் பற்றியது, மற்றது காரணத்தைப் பற்றியது.

ஃப்ராய்டுக்கு முன்பே, 1895இல், வியன்னாவின் மொழியியலாளர் ருடால்ஃப் மெரிங்கர், கார்ல் மேயர் என்ற மருத்துவரோடு சேர்ந்து வாய் தவறல்களைத் தொகுத்து நூலாக்கியிருந்தார். ஃப்ராய்டு அதிலிருந்தும் எடுத்தாண்டார். மெரிங்கர் சொன்ன சம்பவம் ஒன்று இருவருக்கும் நடந்த வாதத்தை நன்றாகக் காட்டும். ஆஸ்திரிய நாடாளுமன்றத்தின் கீழவைத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கி வைக்க எழுந்து, கூட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். இந்தக் கூட்டத்தால் நன்மை எதுவும் வராது என்று அவர் மனம் நினைத்தது, அதுதான் வெளியே வந்தது என்பது ஃப்ராய்டு தரப்பு. எதிர்ச்சொற்கள் மனதில் ஒட்டியே கிடப்பவை, ஒன்றை எடுக்கும்போது மற்றது வருவது சகஜம் என்பது மெரிங்கர் தரப்பு.

நான் மெரிங்கர் பக்கம்தான் சாய்வேன். "நேத்து வர்றேன்" என்று நாளைக்கு வருவதைச் சொல்கிறோம். கதவைத் திறக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் மூடச் சொல்கிறோம். இதிலெல்லாம் என்ன ரகசிய ஆசை இருக்க முடியும்? வீட்டில் அம்மா கடைக்குட்டியைக் கூப்பிட நினைத்து, பெரியவன் பெயரைச் சொல்லி, அடுத்து நடுவிலுள்ளவள் பெயரைச் சொல்லி, மூன்றாவதாகத்தான் சரியான பெயருக்கு வந்து சேர்வார். ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. குடும்பத்தினர் பெயர் குடும்பத்துக்குள்ளேயும், நண்பர்கள் பெயர் நண்பர்களுக்குள்ளேயும் மாறுகின்றன. வீட்டு நாயின் பெயரும் பிள்ளைகள் பெயரோடு கலந்து வருவதுண்டு, பூனையின் பெயர் அவ்வளவாக வருவதில்லை. பெரியவன் பெயரால் கூப்பிடப்பட்ட சின்னவன், அம்மாவுக்கு அண்ணன்மேல்தான் பாசம் என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே அன்புக் கூட்டத்தில் எல்லாரும் இருப்பதால்தான் பெயர் மாறுகிறது.

ஆனாலும் ஃப்ராய்டை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. முன்னே சொன்ன மோட்லியும் பார்ஸும் 1979இல் இன்னொரு சோதனை செய்தார்கள். ஆண் மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு, மின்சார அதிர்ச்சி கொடுக்கப்படலாம் என்ற பயத்தை ஏற்படுத்தினார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சோதனை நடத்தியவர் கவர்ச்சியாக உடுத்திய ஒரு பெண். 'ஷேட் பாக்' என்ற அர்த்தமற்ற ஜோடியை, அதிர்ச்சி என்று பொருள் வரும்படி 'பேட் ஷாக்' என்று மாற்றிக் குழறியவர்கள் முதல் பிரிவில் அதிகம். காமம் கலந்த பொருளில் குழறியவர்கள் இரண்டாம் பிரிவில் அதிகம். மனதில் அப்போது எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கம் நாக்கு சாயும் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் சாய்வது வேறு, ஆழ்மனதில் புதைத்து வைத்தது வெளியே வருவது வேறு. அந்த மாணவர்களின் பயத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆகவே அரசியல்வாதியோ மாப்பிள்ளையோ மேடையில் ஒரு சொல் தவறினால், உள்ளத்தில் இருப்பதுதான் உதட்டில் வந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. பெரும்பாலும் அது வெறும் பக்கத்துச் சொல்.

இதுவரை பார்த்தவை எல்லாம் வாயின் தவறு. காதின் தவறும் இருக்கிறது, அதையும் ஜனங்கள் இதே பட்டியலில் போட்டுக் குழப்புகிறார்கள். பாட்டு வரியையோ பிரார்த்தனையையோ தவறாகக் கேட்டு, கேட்டபடியே வருஷக்கணக்காகப் பாடிக்கொண்டிருப்பதற்கு ஆங்கிலத்தில் மாண்டகிரீன் என்று பெயர். சில்வியா ரைட் என்ற எழுத்தாளர் 1954இல் வைத்த பெயர். சின்ன வயதில் அம்மா வாசித்துக் காட்டிய ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் ஒன்றில், பிரபுவைக் கொன்று புல்வெளியில் கிடத்தினார்கள் என்று பொருள்படும் வரியில் 'லெய்டு ஹிம் ஆன் த கிரீன்' என்று வருகிறது. அவருக்கோ அது 'லேடி மாண்டகிரீன்' என்று காதில் விழுந்தது. பிரபுவோடு ஒரு சீமாட்டியும் செத்துப்போனதாக அந்தக் குழந்தை நம்பிக்கொண்டிருந்தது.

தமிழில் இதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். சொற்கள் புணரும்போது எல்லை அழிந்துவிடுகிறது. நம் பழைய உரையாசிரியர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பிய எழுத்ததிகார உரையில் வரும் எடுத்துக்காட்டு, செம்பொன்பதின்தொடி. தொடி என்பது பழைய எடை அளவு. செம்பொன், பதின் தொடி என்று பிரித்தால் பொன், பத்துத் தொடி. செம்பு, ஒன்பதின் தொடி என்று பிரித்தால் செம்பு, அதுவும் ஒன்பதுதான். எழுத்தில் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. எங்கே நிறுத்தி இசைக்கிறோம் என்பதில்தான் பொருள் மாறுகிறது என்று அந்த உரை சொல்கிறது. சிலேடை பாடிய காளமேகம் போன்றவர்கள் இதையே தெரிந்து செய்தார்கள். பள்ளிக்கூட வரிசையில் நின்று பாட்டுப் பாடும் பிள்ளை தெரியாமல் செய்கிறது.

காதில் தவறாக விழுந்த சொல்லுக்குப் பொருத்தமான அர்த்தமும் கற்பித்துக்கொண்டால் அது எக்கார்ன். 2003இல் மொழியியலாளர்கள் மார்க் லிபர்மனும் ஜெஃப்ரி புல்லமும் பேசிக்கொண்டதில் வந்த பெயர் இது. ஓக் மரத்தின் கொட்டையான ஏகார்னை, முட்டை வடிவில் இருப்பதால் எக்கார்ன் என்று ஒருவர் நினைத்து எழுதியிருந்தார். மாலப்ராபிசத்துக்கும் இதற்கும் வேறுபாடு, எக்கார்னில் தவறான சொல்லுக்கும் ஒரு நியாயம் இருக்கும். இதய அடைப்புக்குச் செய்யும் ஆஞ்சியோவை 'ஆஞ்சநேயர் டெஸ்டு' என்று சொல்கிறவர் இருந்தால், நெஞ்சைப் பிளந்து காட்டிய அனுமன் நினைவு அதற்குத் துணை நிற்கும்.

ஊர்ப் பெயரிலேயே இது நடந்திருக்கிறது. சென்னையில் ஹாமில்டன் பெயரில் ஒரு பாலம் இருந்தது. உள்ளூர் நாக்கில் ஹாமில்டன் அம்பட்டன் ஆனது. முடிதிருத்தும் சமூகத்தின் பெயர் என்று அதைப் புரிந்துகொண்ட ஆங்கிலேயர்கள், திரும்பவும் மொழிபெயர்த்து பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று எழுதினார்கள். ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. இப்போது அது அம்பேத்கர் பாலம்.

வாட்ஸப்பில் சுற்றும் 'பழமொழிகளின் உண்மை வடிவம்' பற்றியும் ஒரு வார்த்தை. "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பது தவறு, 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பதுதான் சரி என்று வருகிறதே, அந்த மாதிரி. பழைய சுவடியிலோ அச்சிலோ அப்படி இருப்பதாக யாரும் ஆதாரம் காட்டுவதில்லை. சட்டியும் அகப்பையும் ஒரே அடுப்படியில் இருப்பவை, பழமொழி அப்படியே நன்றாகத்தான் இருக்கிறது. என் பார்வையில் அந்தத் திருத்தம்தான் எக்கார்ன்.

எவை இந்தக் கணக்கில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழத்தைப் பளம் என்றும் வாழையை வாளை என்றும் சொல்வது அந்த வட்டாரத்தின் அல்லது அந்த மனிதரின் நிலையான உச்சரிப்பு. அது எந்த வகைத் தவறலும் இல்லை. திக்குவாயும் அப்படியே, அதைச் சிரிப்புக்கு எடுத்துக்கொள்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எல்லாவற்றையும்விட முக்கியம், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சம்பந்தமில்லாத சொற்களைச் சொல்ல ஆரம்பித்தால், அல்லது பேச்சு குழறி, முகம் ஒரு பக்கம் கோணி, கை தொங்கிப்போனால், அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். "தாத்தா எதையோ உளர்றார்" என்று சிரித்துக்கொண்டு நிற்காமல் உடனே 108ஐ அழையுங்கள். அங்கே ஒவ்வொரு நிமிஷமும் மூளைக்கு முக்கியம்.

தமிழில் இவற்றை முறையாகத் தொகுக்க ஆசை இருந்தால், கேட்ட உடனே எழுதி வையுங்கள். அரை மணி கழித்து எழுதினால் நம் மனம் அதை இன்னும் சிரிப்பாகத் திருத்திவிடும். ஸ்பூனருக்கு நடந்தது அதுதான். சொல்ல நினைத்தது என்ன, சொன்னது என்ன, தானே திருத்தினாரா, அப்போது சுற்றிலும் என்ன நடந்துகொண்டிருந்தது, இவ்வளவும் போதும். பேச்சு வழக்கில் சொன்னதைப் பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். 'மொளகா'வை 'மிளகாய்' ஆக்கினால் எந்த ஒலி எங்கே போனது என்பதே மறைந்துபோகும். சில தவறுகள் எந்த வகை என்று முடிவாகாது. "கண்ணில் மண் விழுந்தது" என்பதை ஒருவர் "மண்ணில் கண் விழுந்தது" என்று சொன்னால், மாறியவை க, ம என்ற ஒலிகளா, கண், மண் என்ற சொற்களா என்று அவர் வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. அந்த மாதிரி வந்தால் இரண்டு பெயரையும் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.